நகச்சொத்தை: மறைப்பதா, மருந்திடுவதா?

நம் உடலுறுப்புகளுள் கண்ணுக்கு மிகத் தொலைவில் இருப்பது கால் விரல் நகமே. தலை வலித்தால் தைலம் தேடுகிறோம். பல் வலித்தால் இரவெல்லாம் உறங்காமல் விடிந்ததும் மருத்துவரிடம் ஓடுகிறோம். ஆனால் கால் பெருவிரல் நகம் மஞ்சளித்துத் தடித்து ஓராண்டு ஆனாலும், குனிந்து அதனைப் பார்ப்பவர் சிலரே. பார்த்தவரும், "வயதானால் இப்படித்தான்" என்று தம்மைத் தாமே தேற்றிக்கொண்டு, செருப்புக்குள் காலை மறைத்துக்கொள்கின்றனர். இவ்வாறு மறைக்கப்படும் நகச்சொத்தை என்னும் சிறு நோயைக் குறித்தே இம்மாதம் நம் குடும்பங்களோடு பேச விழைகின்றோம்.

சிறு நோய்தானே, இதற்கென ஒரு கட்டுரையா எனச் சிலர் கேட்கலாம். உண்மைதான், இஃது உயிரைக் குடிக்கும் நோயன்று. ஆயினும் மூன்று காரணங்களால் இது கவனத்திற்குரியது. முதலாவது, ஒருவர் காலிலிருந்து வீட்டார் அனைவர் கால்களுக்கும் இது பரவக் கூடும். இரண்டாவது, நீரிழிவு உள்ளவர் காலில் இது பெருங்கேடுகளுக்கு வாயிலாக அமையலாம். மூன்றாவது, நோயுற்றவரை நாணி ஒதுங்கச் செய்கிறது. இம்மூன்றிற்கும் மருந்தின் தொடக்கம் ஒன்றே: காலை மறைக்காமல் காட்டுவது.

மலையும் மழையும்

சேர்வராயன் மலையில் வாழும் நமக்கு ஈரம் புதிதன்று. ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் அமைந்தது நம் ஏற்காடு. 1820களில் சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் என்பார் இம்மலைக்குக் காப்பிச் செடியைக் கொணர்ந்தார் என்பது வரலாறு. அன்று தொட்டு இன்றுவரை இம்மலை மக்களின் கால்கள் காப்பித் தோட்டத்து ஈர மண்ணிலேயே நடந்து வருகின்றன. தென்மேற்குப் பருவ மழை ஓயுமுன் வடகிழக்குப் பருவ மழை வந்துவிடுகிறது. மழை நின்ற நாளிலும் மூடுபனி நிற்பதில்லை. கொடியில் இட்ட துணி இரண்டு நாளாகியும் உலராத வீடுகள் எத்தனை!

பழம் பறிக்கும் காலத்தில், தோலுரித்துக் கழுவும் கொட்டகையில் நாள் முழுதும் தண்ணீரில் நிற்போர் உண்டு. ரப்பர் பூட்சு அணிந்து காலை முதல் மாலை வரை தோட்டத்தில் சுற்றுவோர் உண்டு. மழையில் நனைந்த காலணியை மறுநாள் அப்படியே மாட்டிக்கொண்டு பள்ளிக்குச் செல்லும் சிறுவர் உண்டு. பூட்சு வெளியீரத்தைத் தடுக்கும்; ஆனால் உள்ளே சுரக்கும் வியர்வையையும் வெளியே விடாது. வெப்பமும் ஈரமும் இருளும் ஒருங்கே கூடிய இடம் எதுவோ, அதுவே பூஞ்சைக்குப் பிடித்த இல்லம். மிளகுக் கொடியின் வேரில் நீர் தேங்கினால் அழுகல் நோய் வரும் என்பதைத் தோட்டக்காரர் எவரும் அறிவர். அவர்தம் கால் விரலிடுக்கிற்கும் அதே நியாயம்தான்.

கொழும்பில் கண்டறிந்த கிருமி

நகச்சொத்தையை உண்டாக்கும் பூஞ்சைகளுள் முதன்மையானது டிரைகோஃபைட்டான் ரூப்ரம் என்பது. 1910ஆம் ஆண்டில் இதனை முதன்முதலாக விவரித்தவர் அல்டோ காஸ்டெல்லானி என்னும் இத்தாலிய மருத்துவர். அவர் அப்போது பணியாற்றியது நம் அண்டை நாடான இலங்கையின் கொழும்பு நகரில். வெறுங்காலுடன் வாழ்ந்த வெப்பநாட்டு மக்களிடம் இப்பூஞ்சை உடலில் படர்தாமரையாக மட்டுமே காணப்பட்டதென்றும், மூடிய காலணிகள் பரவிய பின்னரே பாதத்திலும் நகத்திலும் குடிபுகுந்ததென்றும் அறிஞர் கருதுகின்றனர். அதற்காகக் காலணியைத் துறந்துவிட வேண்டியதில்லை. வெறுங்காலில் நடப்பவரைக் கொக்கிப்புழுவும் முள்ளும் தாக்கும். காலணி வேண்டும், அது உலர்ந்ததாக வேண்டும். அவ்வளவே.

இப்பூஞ்சை நகமும் தோலும் ஆக்கப்பட்டுள்ள கெராட்டின் என்னும் பொருளைத் தின்று வாழ்வது. நம் மக்கள் வழங்கும் பெயர்களில் சொன்னால், படர்தாமரை, சேற்றுப்புண், நகச்சொத்தை ஆகிய மூன்றும் பெரும்பாலும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள். விரலிடுக்கில் வெளுத்து, ஊறி, அரிக்கும் சேற்றுப்புண்ணே முதலில் வரும். அதனைப் பொருட்படுத்தாமல் விட்டால், பூஞ்சை மெல்ல நகத்தின் அடியில் நுழையும். ஆகவே சேற்றுப்புண்ணைக் குணப்படுத்துவதே நகச்சொத்தையைத் தடுக்கும் முதல் வழி.

அடையாளம் காண்பது எவ்வாறு?

பெரும்பாலும் பெருவிரல் நகத்தின் நுனியிலோ பக்கவாட்டிலோ வெண்மையாக அல்லது மஞ்சளாக ஒரு திட்டுத் தோன்றும். அது நாளடைவில் அடிநோக்கிப் பரவும். நகம் தடிக்கும்; நகவெட்டிக்கு அடங்காது. நகத்தின் அடியில் மாவு போன்ற பொருள் சேரும். பின்னர் நகம் சதையிலிருந்து பிரிந்து உயரும், ஓரங்கள் நொறுங்கும். தொடக்கத்தில் வலி இராது. வலி இல்லாமையே அதன் தந்திரம் எனலாம். நகம் மிகத் தடித்த பின்னரே, காலணி அழுத்தும்போது வலி தோன்றும்.

முதியோரிடத்தில் இந்நோய் மிகுதி. உலகில் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு இது உண்டு என்றும், எழுபது வயதைக் கடந்தோரில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு உண்டு என்றும் மருத்துவ நூல்கள் மதிப்பிடுகின்றன. குழந்தைகளுக்கு வருவது அரிது. குழந்தையின் நகத்தில் கண்டால், தாய் தந்தையர், தாத்தா பாட்டியர் ஆகியோரின் கால்களையும் பார்த்தல் நலம்.

இங்கு ஓர் எச்சரிக்கை. உருமாறிய நகமெல்லாம் பூஞ்சையால் உருமாறியதன்று. மருத்துவரிடம் வரும் இத்தகைய நகங்களில் ஏறத்தாழப் பாதிக்குத்தான் பூஞ்சை காரணம். சோரியாசிஸ் என்னும் செதில் நோய், கல்லில் இடித்த பழைய காயம், இறுக்கமான காலணி, முதுமை ஆகியனவும் இதே தோற்றத்தைத் தரும். ஒரே ஒரு நகத்தில் புதிதாகக் கருங்கோடு தோன்றி அகன்றுகொண்டே வந்தால், அதனைத் தாமதமின்றி மருத்துவரிடம் காட்ட வேண்டும். அரிதாக அது புற்றுநோயின் அறிகுறியாகலாம்.

எனவே மாத்திரையைத் தொடங்குமுன் சோதனை தேவை. சோதனையும் எளியதே. நகத்தின் அடியிலிருந்து சிறிது சுரண்டி எடுத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் இட்டு நுண்ணோக்கியில் பார்த்தால், பூஞ்சை இழைகள் புலப்படும். பூஞ்சையை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு நான்கு வாரம் வரை ஆகலாம். இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சேலம் இறங்கினால், அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் நோய்ப் பிரிவு உண்டு. கடைத்தெருவிற்கென்று சேலம் செல்லும் நாம், காலுக்கென்று ஒருமுறை செல்லலாகாதா?

நீரிழிவு உள்ளோர் கவனிக்க

2023ஆம் ஆண்டில் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நம் நாட்டில் ஏறத்தாழப் பத்துக் கோடிப் பேருக்கு நீரிழிவு உள்ளதென மதிப்பிட்டது. நம் பங்குகளில் அந்நோய் இல்லாத தெரு ஏது? நெடுநாள் நீரிழிவு, பாதத்தின் உணர்ச்சியைக் குறைக்கும். இரத்த ஓட்டத்தையும் குறைக்கும். தடித்துக் கூர்மையான நகம் பக்கத்து விரலைக் கீறினாலும் அவர்க்குத் தெரியாது. அக்கீறலில் சீழ் பிடித்தாலும் வலிக்காது. தெரியும்போது காலம் கடந்திருக்கும். ஒரு நகத்தில் தொடங்கியது ஒரு விரலை, ஏன், ஒரு பாதத்தையே இழப்பதில் முடிந்த குடும்பங்கள் உண்டு.

உணர்ச்சியற்ற பாதம் எத்தகையது என்பதை அறிய, மொலக்காய் தீவின் புனித தமியான் வாழ்வை நினைவுகூர்வோம். தொழுநோயாளரிடையே தொண்டாற்றிய அவர், 1884இல் ஒரு நாள் கொதிக்கும் நீரில் காலை வைத்தார். தோல் வெந்து கொப்புளித்தது. ஆனால் வலி தெரியவில்லை. தம்மையும் தொழுநோய் பற்றியதை அவ்வாறே அவர் உணர்ந்தார். 2009இல் அவரைத் திருச்சபை புனிதராக உயர்த்திற்று. இங்கு நாம் கொள்ள வேண்டிய நடைமுறைப் பாடமும் ஒன்றுண்டு. நீரிழிவு உள்ளவர், நகம் இளகட்டும் என்று காலைச் சுடுநீரில் ஊறவைத்தல் ஆகாது. வெந்நீர் தேவையெனில், வீட்டில் உணர்ச்சியுள்ள ஒருவர் முதலில் கையை வைத்துப் பார்க்க வேண்டும்.

நம் மாநிலத்திலேயே வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில், 1946 முதல் பணியாற்றிய மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளரின் பாதப் புண்களுக்குப் பெரிதும் காரணம் உணர்ச்சியின்மையே என்பதை எடுத்துக் காட்டினார். அத்தகைய பாதங்களுக்கென உருவான மென்மையான மைக்ரோசெல்லுலார் ரப்பர் செருப்புகளையே இன்று நீரிழிவு உள்ளவர்க்கும் மருத்துவர் பரிந்துரைக்கின்றனர். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின்கீழ் நீரிழிவு மாத்திரையோடு இல்லம் வரும் பணியாளரிடம், மாத்திரையை வாங்கிக்கொண்டு காலையும் காட்டினால் என்ன?

மருந்தும் பொறுமையும்

நகச்சொத்தைக்கு நல்ல மருந்துகள் உள்ளன. நோய் நுனியளவில் நின்றிருந்தால், அமோரால்ஃபின், சைக்ளோபிராக்ஸ் போன்ற பூச்சு மருந்துகளே போதுமானதாகலாம். அவற்றைப் பல மாதம் விடாது பூச வேண்டும். நோய் அடிவரை பரவியிருந்தால் மாத்திரை தேவைப்படும். டெர்பினாஃபின் மாத்திரையைக் கால் நகத்திற்கு வழக்கமாகப் பன்னிரண்டு வாரம் தருகின்றனர். இட்ரகோனசோல் மற்றொன்று, இதயம் பலவீனப்பட்டவர்க்கு அது ஆகாது. கல்லீரல் நோய் உள்ளோர், கருவுற்ற தாய்மார், வேறு மாத்திரைகள் உண்போர் ஆகியோர் அதனை மருத்துவரிடம் முன்னரே சொல்லிவிட வேண்டும். தொடங்குமுன் கல்லீரலுக்கான இரத்தச் சோதனையை மருத்துவர் கேட்கலாம். மாத்திரை உண்ணும் நாள்களில் கண் மஞ்சளித்தாலோ, சிறுநீர் கறுத்தாலோ, ஓயாத குமட்டல் இருந்தாலோ, மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரைக் காண வேண்டும். வலியோ நீரிழிவோ இல்லாத முதியவர்க்கு மாத்திரை வேண்டாமென மருத்துவரே முடிவு செய்வதும் உண்டு. அதுவும் நல்ல மருத்துவமே.

இனிப் பொறுமையைப் பற்றி ஒரு சொல். கால் நகம் மாதத்திற்கு ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர்தான் வளரும். பெருவிரல் நகம் முழுதும் புதிதாக மாறப் பன்னிரண்டு முதல் பதினெட்டு மாதம் ஆகும். மாத்திரை மூன்று மாதத்தில் முடிந்துவிடும். நகமோ அப்போதும் அழகற்றே இருக்கும். "காசும் போயிற்று, நகமும் மாறவில்லை" என்று பலர் சோர்வது இக்கட்டத்தில்தான். அவர்கள் பார்க்க வேண்டியது நகத்தின் நுனியையன்று, அடியை. அங்கே தெளிந்த புது நகம் ஒரு நெல்லளவு எட்டிப் பார்த்தாலும் மருந்து வேலை செய்கிறது என்பதே பொருள். இந்தத் தவக்காலத்தில் மருத்துவம் தொடங்கியவர், அடுத்த தவக்காலம் வரை காத்திருக்க வேண்டும். உண்மையில் அது நீண்ட காலமா என்ன?

செய்யத் தகாதனவும் சில உள. சிவப்பும் அரிப்பும் விரைவில் அடங்குமென்று, ஸ்டீராய்டு கலந்த களிம்பைத் தாமாக வாங்கிப் பூசுவது பெருந்தீங்கு. அரிப்பு அடங்கும்; பூஞ்சையோ மறைவில் செழித்துப் படரும். இத்தகைய தவறான பயன்பாடு பெருகியதால், 2018இல் மைய அரசு, தோலில் பூசும் ஸ்டீராய்டு மருந்துகள் பலவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாதென விதித்தது. மருதாணியும் நகச்சாயமும் நோயின் நிறத்தை மறைக்குமேயன்றி நோயைத் தீர்க்கா. மஞ்சளும் வேப்பெண்ணெயும் நம் முன்னோர் போற்றிய பொருள்களே. ஆனால் தடித்த நகத்தை ஊடுருவி உள்ளிருக்கும் பூஞ்சையை ஒழிக்க அவற்றை மட்டும் நம்பியிருத்தல் ஆகாது.

வருமுன் காத்தல்

இதற்குப் பொருட்செலவு சிறிதே. வேலை முடிந்ததும் காலைச் சோப்பிட்டுக் கழுவி, விரலிடுக்குகளை ஒவ்வொன்றாகத் துடைத்து உலர்த்துதல் வேண்டும். கால் துடைக்கும் துணியும் நகவெட்டியும் ஒருவர்க்கு ஒன்றென இருத்தல் நலம். காலுறை பருத்தியாலானதாகவும், நாள்தோறும் மாற்றப்படுவதாகவும் இருக்கட்டும். இயன்றால் இரண்டு இணைக் காலணிகள் வைத்திருந்து, ஒன்றை அணியும்போது மற்றொன்றை உலர விடலாம். நம் மலையில் வெயில் அரிது. வெயில் கண்ட நாளில் துணிக்கு இடம் தருவது போலப் பூட்சுக்கும் இடம் தருவோம்.

1917இல் மான்ட்ஃபோர்ட் பள்ளி தொடங்கப்பட்ட காலத்திற்கு முன்பிருந்தே விடுதிப் பிள்ளைகள் நிறைந்த ஊர் நம் ஊர். பிள்ளைகளை விடுதிக்கு அனுப்பும் பெற்றோர், பெட்டியில் புத்தகங்களோடு குளியலறைக்கென ஒரு தனிச் செருப்பையும் வைத்தனுப்புங்கள். பலர் புழங்கும் ஈரத்தரையே பூஞ்சை கைமாறும், இல்லை, கால்மாறும் இடம். நகத்தை நேராக வெட்டுங்கள். ஓரத்தை ஆழக் குடைய வேண்டாம். சேற்றுப்புண் கண்டால் பூஞ்சைக்கான களிம்பை மருத்துவர் சொன்ன நாள் வரை பூசுங்கள். அரிப்பு நின்றதும் நிறுத்திவிடாதீர்கள். குணமான பின்னும் இப்பழக்கங்களைக் கைவிட்டால் நோய் திரும்பி வரும்.

பன்னிருவருள் ஒருவர்

நம் பங்கில் ஒரு பெரியவர் இருந்தார். நாற்பதாண்டுகள் காப்பித் தோட்டத்தில் உழைத்து ஓய்ந்தவர். பெரிய வியாழன் மாலையில் பாதம் கழுவும் சடங்கிற்கு ஆண்டுதோறும் பங்குத்தந்தை அவரை அழைப்பார். ஆண்டுதோறும் அவர், "வேண்டாங்க சாமி, வேற ஆளைப் பாருங்க" என்று சொல்லிக் கோவிலின் கடைசித் தூணருகே சென்று நின்றுகொள்வார். தாழ்மையால் மறுக்கிறார் என்றே அனைவரும் எண்ணினர். ஒரு நாள் அவர் மனைவியார் நம்மிடம் உண்மையைச் சொன்னார். கால் நகங்கள் கறுத்து உளுத்துப் போனதைத் தொழுநோய் என அஞ்சி, மருத்துவரிடமும் போகாமல், வீட்டிலும் தட்டைத் தனியே வைத்துக்கொண்டு உண்டு வந்தாராம். பேரக் குழந்தையைக்கூட மடியில் இருத்துவதில்லையாம்.

அவரைச் சேலத்திற்கு அழைத்துச் சென்றோம். நகத்தைச் சுரண்டிப் பார்த்த மருத்துவர், "இது பூஞ்சைதான் ஐயா. உங்களுக்குத் தொழுநோய் இல்லை" என்றார். பெரியவர் நெடுநேரம் பேசவில்லை. அன்றே எடுத்த இரத்தச் சோதனையில் நீரிழிவும் தெரியவந்தது; அதற்கும் மருந்து தொடங்கினர். அடுத்த பெரிய வியாழன் வந்தபோது நகங்கள் பாதிதான் மாறியிருந்தன. ஆயினும் அவர் பன்னிரு நாற்காலிகளுள் ஒன்றில் வந்து அமர்ந்து காலை நீட்டினார். தொழுநோயாகவே இருந்திருந்தாலும் அவர் தனித்தட்டில் உண்ண வேண்டியிருந்ததா என்ன? அந்நோயும் இன்று மருந்தால் தீர்வதே. மருந்து தொடங்கிய பின் அது பிறர்க்குப் பரவுவதில்லை. அவரை ஒதுக்கி வைத்தது நோயன்று, அச்சமும் நாணமுமே.

அன்பர்களே, இறுதி இரவுணவின்போது ஆண்டவர் கழுவிய பாதங்கள் பட்டு மெத்தையில் வளர்ந்த பாதங்கள் அல்ல. மீன் வலை இழுத்துப் புழுதியில் நடந்த பாதங்கள் அவை. தம் பாதத்தைக் கழுவ வேண்டாமெனப் பேதுரு மறுத்ததையும், ஆண்டவர் அதனை ஏற்காததையும் நாம் அறிவோம். 2016ஆம் ஆண்டு சனவரியில், மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் அவர்களின் விருப்பப்படி, இச்சடங்கில் பெண்களுக்கும் இடம் தரப்பட்டது. ஆகவே கழுநீரில் நின்று காப்பிக்கொட்டை கழுவும் நம் தாய்மாரின் கால்களும் அங்கே நீட்டப்படத் தக்கவையே.

வருகிற சனிக்கிழமை மாலை, குடும்ப செபமாலை முடிந்தபின், வீட்டுப் பெரியவர்களின் கால்களை விளக்கொளியில் ஒருமுறை பாருங்கள். கண் மங்கிய தாத்தாவால் தம் நகத்தைத் தாமே பார்க்க இயலாது. இடுப்பு வலிக்கும் பாட்டியால் குனிந்து வெட்ட இயலாது. பேரன் விளக்குப் பிடிக்கட்டும். மருமகள் நகம் வெட்டட்டும். மகன் விரலிடுக்கைத் துடைக்கட்டும். நீரிழிவு உள்ளவர் நகம் தடித்திருந்தால், வீட்டில் வெட்ட முயலாமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். பாதம் கழுவும் பணி ஆண்டிற்கு ஒருநாள் கோவிலில் மட்டும் நிகழ வேண்டுமென எவரும் விதிக்கவில்லை.